சிங்கராயர் ஓட்டிய ஜெட் விமானம்

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. தேன் குடித்தோமா, தூங்கினோமா என்று இருந்திருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்காது. ஆனால் தேனப்பன் என்ற அந்தக் கரடிக்கு விமானப் பைத்தியம். ஒரு சின்ன ரிமோட் விமானத்தை இரண்டு வருஷம் மரத்திலும் புதரிலும் மோதி மோதி ஓட்டக் கற்றுக்கொண்டது. அதோடு விட்டதா? மூக்கிலிருந்து வால்வரை தன் உயரமே இருக்கும் ஒரு ரிமோட் ஜெட்டைப் பெட்டியாக வரவழைத்தது.

பெட்டியைத் திறந்தால் உள்ளே விமானம் இல்லை. இருநூற்றுப் பதினான்கு துண்டுகள் இருந்தன. கூடவே ஒரு விளக்கப் புத்தகம். அதைத் தமிழில் பெயர்த்தவர் யாரோ, நல்ல மனசுக்காரர். "இறக்கையை அன்போடு இறுக்கவும். வாலை வருத்தமின்றிச் செருகவும்" என்று எழுதியிருந்தார். தேனப்பன் அப்படியே செய்தது. "ஒட்டும் திரவம் தடவவும்" என்ற இடத்தில் மட்டும் வீட்டிலிருந்த தேனைத் தடவியது. மறுநாள் காலையில் எறும்புகள் இடது இறக்கையைத் தூக்கிக்கொண்டு ஊர்வலமாகப் போய்க்கொண்டிருந்தன.

பக்கத்துப் பொந்தில் வேலம்மாள் என்ற முள்ளம்பன்றி இருந்தது. எறும்புகளோடு மல்லுக்கட்டி இறக்கையை மீட்டு வந்தது அதுதான்.

"ஏன்டா தம்பி, பசைன்னு போட்டிருந்தா பசை வாங்க மாட்டியா?"

"தேனும் ஒட்டுமேக்கா."

"ஒட்டும் ஒட்டும். உன் வாயில ஒட்டும்."

அன்றிலிருந்து வேலம்மாளும் தினமும் வந்து உட்கார்ந்தது. ஒட்டிய இடம் காயும்வரை நகராமலிருக்கத் தன் முட்களையே பிடுங்கிக் குத்திவைத்தது. விமானம் வளர வளர வேலம்மாளின் முதுகில் சொட்டை விழுந்தது. அதைப் பற்றி அது ஒரு வார்த்தை சொல்லவில்லை. மற்ற எல்லாவற்றைப் பற்றியும் சொன்னது.

இறக்கையின் ஓர மடிப்புகளை அசைக்கும் குட்டி மோட்டார்களைப் பொருத்தியபோது, ரிமோட்டின் குச்சியை வலப்பக்கம் தள்ளினால் மடிப்பு இடப்பக்கத்துக்கு வேலை செய்தது. அதை மாற்றினார்கள். சக்கரத்தை இறக்கும் பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றியது. அதையும் மாற்றினார்கள். வேலம்மாள் விமானத்தின் பக்கத்தில் நிற்க, தேனப்பன் ரிமோட்டோடு ஆற்றங்கரைவரை நடந்துபோய், "இப்ப வால் ஆடுதா?" என்று கத்தும். "ஆடுது! நீ கத்துறதுல என் வாலும் ஆடுது!" என்று பதில் வரும்.

கடைசியாக எடைப் பரீட்சை. இறக்கைகளுக்கு அடியில் குறித்த இரண்டு புள்ளிகளில் மட்டும் விரல் வைத்துத் தூக்கினால் விமானம் சமமாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அது பறக்காது, விழும். தேனப்பன் தூக்கியது. மூக்கு மேலே போனது. பேட்டரியை ஒரு விரல் அளவு முன்னால் தள்ளிவிட்டு மறுபடி தூக்கியது. இப்போது சமமாக நின்றது. மூன்று மாத உழைப்பு இரண்டு விரல் நுனியில் ஆடாமல் நிற்பதைப் பார்த்துக் கரடி அழுதுவிட்டது. எனக்கு இந்த இயந்திர சமாசாரமெல்லாம் புரியாது. ஆனாலும் ஒரு கரடி சந்தோஷத்தில் அழுதால் நமக்கும் என்னவோ செய்கிறது.

பறக்க அனுமதி வேண்டுமே! மந்திரி நரியின் அலுவலகத்தில் நாள் முழுக்க வரிசையில் நின்றால் ஒரு படிவம் கொடுத்தார்கள். அதுவரை அந்தக் காட்டில் பறந்ததெல்லாம் பறவைகள் என்பதால் படிவம் இப்படிக் கேட்டது: இறகுகள் எத்தனை? முட்டையிடுமா? ஆம் எனில் ஆண்டுக்கு எத்தனை? குளிர்காலத்தில் வெளியூர் செல்லும் வழக்கம் உண்டா? தேனப்பன் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தது.

"இறகே இல்லாம எப்படிய்யா பறக்கும்?" என்றது நரி.

"கரண்ட்டுலங்கய்யா."

நரி யோசித்தது. "சரி, அனுமதி உண்டு. ஆனா ராஜா வந்து துவக்கி வைப்பார்."

"தாராளமா ரிப்பன் வெட்டட்டுங்கய்யா."

"ரிப்பனா? முதல் தடவை அவரேதான் ஓட்டுவார். ரிமோட்டை அவர் கையில குடுத்துடணும். இல்லேன்னா விமானத்தை அரசாங்கம் எடுத்துக்கும்."

தேனப்பன் பயந்துபோனது. பயப்படாதா? ராஜா ஒரு சிங்கம். வெறும் சிங்கம் என்று சொன்னால் நரி கோபித்துக்கொள்ளும் என்பதால் நானும் சிங்கராயர் என்றே சொல்கிறேன். சிங்கராயர் போன வருஷம் கொக்குகளின் புதுப் படகைத் துவக்கி வைத்தார். அது இன்னும் ஆற்றின் அடியில் இருக்கிறது. மான்களின் தையல் மெஷினைத் துவக்கி வைத்தபோது தன் வாலையே வேட்டியோடு சேர்த்துத் தைத்துக்கொண்டார். அதுதான் புது பாணி என்று மறுநாள் அரசாணை வந்தது.

தேனப்பன் வீட்டுக்கு வந்து விமானத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தது. "ராஜா கையில இது சுக்குநூறாப் போயிடும்க்கா. மறுபடி செய்ய எனக்குத் தெம்பு இல்ல."

"எனக்கு முள்ளு இல்ல" என்றது வேலம்மாள். பிறகு, "உன் பழைய குட்டி விமானத்தோட ரிமோட் எங்க?" என்று கேட்டது.

"அது இதுக்கு வேலை செய்யாதே."

"அதனாலதான் கேக்குறேன். பேட்டரியைக் கழட்டிட்டு அதை ராஜா கையில குடு."

"விளக்கு எரியாதே, கண்டுபிடிச்சிடுவார்."

"உள்ள ஒரு மின்மினியை உக்கார வெப்போம்."

"நிஜ ரிமோட்டை நான் எங்க வெச்சு ஓட்டுறது?"

"உனக்குப் பொன்னாடை போத்துவாங்கல்ல? அதுக்கு வேற என்னதான் உபயோகம்?"

விழா நாள் வந்தது. மைதானம் நிரம்பியது. நரி ஒன்றேகால் மணி நேரம் வரவேற்புரை ஆற்றிவிட்டுத் தேனப்பனுக்குப் பொன்னாடை போர்த்தியது. கழுத்தில் மாட்டி ரோமத்துக்குள் மறைத்திருந்த நிஜ ரிமோட்டைத் தேனப்பன் பொன்னாடைக்குள் பிடித்துக்கொண்டது. கையை வெளியே எடுக்காமல் ஒடுங்கி நின்ற கரடியைப் பார்த்து, "என்ன பணிவு, என்ன பணிவு!" என்று முன்வரிசை உருகியது.

உள்ளே மின்மினி மினுக்கிக்கொண்டிருந்த பேட்டரியில்லாத ரிமோட்டைச் சிங்கராயர் கையில் வாங்கி, இரண்டு குச்சிகளையும் ஒரே தள்ளாகத் தள்ளினார். பொன்னாடைக்குள் இரண்டு கட்டைவிரல்கள் மெதுவாக அசைந்தன. ஜெட் சீறிக்கொண்டு ஓடி, மைதானத்தின் முடிவில் மேலே எழும்பியது. கூட்டம் வாயைப் பிளந்தது.

தேனப்பனுக்கு ஒரு கண் வானத்தில், ஒரு கண் சிங்கராயரின் கையில். அவர் இடப்பக்கம் தள்ளினால் அதுவும் இடப்பக்கம் திருப்பியது. அவர் வலப்பக்கம் தள்ளினால் வலப்பக்கம். மரம் குறுக்கே வந்தால் மட்டும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. திடீரென்று சிங்கராயர் குச்சியை ஒரேயடியாக முன்னால் தள்ளினார். அப்படித் தள்ளினால் விமானம் தலைகுப்புறப் பாய வேண்டும். பாயாவிட்டால் குட்டு வெளிப்படும். தேனப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு ஜெட்டைக் கீழே பாயவிட்டது. நரியின் தலைப்பாகை பறக்கும் உயரத்தில் நிமிர்த்தி மறுபடி மேலே ஏற்றியது. வேலம்மாளுக்கு மிச்சமிருந்த ஒன்றிரண்டு முட்களும் அந்த நிமிஷத்தில் கொட்டிவிட்டன.

கைதட்டல் காதைப் பிளந்தது. கைதட்டலைக் கேட்டால் சிங்கராயருக்கு நிலைகொள்ளாது. ரிமோட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் தூக்கி மக்களைப் பார்த்து ஆட்டினார்.

விமானம் வானத்தில் இருந்தது. ராஜாவின் கைகளும் வானத்தில் இருந்தன. கூட்டம் இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தது. கைதட்டல் அடங்கிப்போனது. இப்போது விமானம் விழுந்தாக வேண்டும், அதுதான் நியாயம். விழவிட்டால் தலை தப்பும். இறக்கினால் விமானம் தப்பும். தேனப்பன் ஒரு மூச்சு இழுத்துவிட்டுச் சக்கரங்களை இறக்கியது. ஜெட் ஒரு வட்டம் சுற்றி, தரையைத் தொட்டு ஓடி, மேடைக்கு நாலடி தள்ளி வந்து நின்றது.

நரி ஒருத்தருக்குத்தான் இந்த மாதிரி நேரத்தில் மூளை வேலை செய்யும். மைக்கைப் பிடுங்கி, "கையே வைக்காமல் இறக்கிக் காட்டிய எங்கள் ராஜா!" என்று கத்தியது. மைதானம் அதிர்ந்தது.

விழா முடிந்ததும் சிங்கராயர் தேனப்பனை மேடைக்குப் பின்னால் தனியாகக் கூப்பிட்டார்.

"தேனப்பா, ஒரு சந்தேகம். ரிமோட்டு தும்முமா?"

கரடி பொன்னாடையை இன்னும் இறுக்கிப் போர்த்திக்கொண்டது.

"என் கையில ரெண்டு தடவை தும்முச்சுய்யா. பயப்படாத. எனக்கு முடி சூட்டிப் பன்னெண்டு வருஷம் ஆகுது. நரி எனக்குச் செங்கோல் குடுத்திருக்கான், முத்திரை குடுத்திருக்கான், கையெழுத்துப் போடத் தங்கப் பேனா குடுத்திருக்கான். எதை அசைச்சாலும் இந்தக் காட்டுல ஒரு துரும்பும் நகர்ந்தது கிடையாது. இன்னிக்குத்தான் நான் தள்ளின பக்கம் ஒண்ணு திரும்புச்சு. அது எப்படி?"

"நீங்க தள்ளுறதைப் பாத்து நானும் தள்ளினேன், ராஜா. மரம் வந்தப்ப மட்டும் மன்னிக்கணும்."

சிங்கராயர் பிடரியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என் கையைப் பாத்து ஒருத்தன் ஒரு காரியம் செஞ்சது இதுதான் முதல் தடவை" என்றார். "குச்சி நல்லா வழுவழுன்னு அசையுது. இதை நானே வெச்சுக்கட்டுமா?"

வைத்துக்கொண்டார். இப்போதும் தர்பாரில் அதைத்தான் மடியில் வைத்து அசைத்துக்கொண்டிருக்கிறார். நரி வழக்கம்போல் காட்டை ஓட்டுகிறது. மின்மினிக்கு ராஜாவின் அந்தரங்கச் செயலாளர் பதவி கிடைத்தது. தேனப்பன் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜெட் விடுகிறது. வேலம்மாளுக்கு முட்கள் முளைத்து வருகின்றன.

நீதி: ஆள்கிறவரிடம் ரிமோட்டைக் கொடு, பேட்டரியைக் கொடுக்காதே. தெரிந்துபோனாலும் கோபிக்க மாட்டார். அவருக்கு இதுவரை கிடைத்ததெல்லாம் அப்படிப்பட்டதுதான்.