சாமி எங்கயும் போகாது, பஸ்ஸு போயிடும்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் என்னை அதிகமாகக் கோபப்படுத்திய மனிதர் யார் என்று தேர்தல் வைத்தால், துண்டு மாமா போட்டியின்றி வெற்றி பெறுவார். மின்வாரியமும் என் வீட்டு மேல்மாடிக்காரரும் டெபாசிட் இழப்பார்கள். இதை எழுத உட்காரும்போதே எனக்கு மூச்சு வேகமாக வருகிறது.

மாமாவுக்கு மஞ்சக்குப்பத்தில் தையல் கடை. அவருடைய நிஜப் பெயரைக் கடைப் பலகையில் பார்த்தவர்கள் உண்டாம், நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது எல்லாரும் செய்வதுதான். மாமா அதை ஒரு ஆயுதமாக வளர்த்தெடுத்தவர். துண்டின் ஒரு முனையை மடித்து, உள்ளே இரும்பு வாஷர் வைத்து, ரெட்டைத் தையல் போட்டிருப்பார். வீசினால் அது காற்றில் பறக்காது, பாயும். கூட்டத்துக்குப் பின்னால் நின்றபடியே மூன்றாவது ஜன்னலின் உள் சீட்டில் கொண்டுபோய் இறக்குவார். வழியில் யார் தலையாவது குறுக்கிட்டால் அது அந்தத் தலையின் தவறு.

இராமேஸ்வரம் வரை நடக்கும் பெரிய பாதயாத்திரைக் குழு ஒன்று வருஷா வருஷம் தை மாதம் எங்கள் ஊர் வழியாகப் போகும். கடலூரில் அதோடு சேர்ந்துகொண்டு சிதம்பரத்தில் கழன்றுகொள்ளும் அரைகுறைப் பக்தர்கள் நாங்கள். லீவு அவ்வளவுதான். அவர்கள் வெறுங்காலோடு தெற்கே போய்க்கொண்டே இருப்பார்கள். நாங்கள் நடராஜரைக் கும்பிட்டுவிட்டு, வெட்கமில்லாமல் கடலூர் பஸ் ஏறுவோம். ஏறுவோம் என்று எளிதாக எழுதிவிட்டேன். ஏற்றப்படுவோம்.

சிதம்பரம் எல்லையைத் தொட்டதும் மாமா எங்களை விட்டுப் பிரிந்து நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுவார். நாங்கள் கோயிலுக்குள் நுழைவதற்குள் அவர் ஒரு பஸ்ஸில் எங்கள் அத்தனை பேருக்கும் துண்டு போட்டு, தானும் ஒரு சீட்டில் குறுக்கே சாய்ந்து கிடப்பார். பிறகு போன் செய்ய ஆரம்பிப்பார்.

ஒரு வருஷம், அது பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு, இரண்டு நாள் நடந்து கால் வீங்கி, சித்சபைக்கு நேரே வந்து நின்று கையைத் தூக்குகிறேன். சட்டைப் பையில் போன் அலறுகிறது. பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் என் இரண்டு நாள் புண்ணியம் கரைந்துபோனது.

"மாப்ள, எங்க இருக்க?"

"சாமி முன்னாடி மாமா."

"பாத்துட்டல்ல? வா. இங்க ரெண்டு பொம்பளைங்க சண்டைக்கி நிக்குறாங்க. டிரைவரு ஏறிட்டாரு."

"இப்பதான் மாமா திரை எடுத்தாங்க..."

"சாமி எங்கயும் போகாதுடா. பஸ்ஸு போயிடும்!"

இதுதான் அவருடைய வேதம். இதைச் சொல்லியே என்னை வருஷா வருஷம் பிரகாரத்தில் ஓடவிட்டார். ஒரு தடவை என் மனைவி விபூதியை நெற்றியில் வைக்க நேரமில்லாமல் கையிலேயே பொத்திக்கொண்டு ஆலப்பாக்கம் வரை வந்தாள். இத்தனைக்கும் பின்னாலேயே அடுத்த பஸ் வந்துகொண்டிருந்தது. அதைக் காட்டி, "இதுல வந்திருக்கலாமே மாமா" என்று பல்லைக் கடித்தேன். "அதுல துண்டு யாரு போட்டா?" என்று கேட்டார்.

பாதயாத்திரைக் குழுவின் குருசாமிக்கும் அவருக்கும் ஆகாது. அந்தக் குழுவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. நடக்கும்போது வீடு திரும்புவது பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. கால் முன்னால் போகும்போது மனசு பின்னால் போகக் கூடாதாம். மீறினால் நடுரோட்டில் தோப்புக்கரணம். மாமா ஒவ்வொரு டீக்கடையிலும், "சிதம்பரத்துலேந்து சாயங்காலம் கடலூருக்கு எத்தனை பஸ்ஸு?" என்று விசாரிப்பார். குருசாமி முறைப்பார். மாமா காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தபடியே, "பாயிண்ட் டு பாயிண்ட்டா, நின்னு நின்னு போறதா?" என்று விசாரணையை முடிப்பார். புதுச்சத்திரம் வருவதற்குள் அவருக்கு மட்டும் கால்வலியோடு தொடைவலியும் சேர்ந்திருக்கும்.

இனி, என் ரத்தக் கொதிப்புக்கு மூலகாரணமான வருஷத்துக்கு வருகிறேன். கொரோனா ஊரடங்கெல்லாம் ஓய்ந்து ஊர் பழையபடி ஆன சமயம். குழு அந்த முறை தையில் வராமல் மார்கழியில் வந்தது. ஆருத்ரா தரிசனத்துக்குச் சிதம்பரத்தில் இருக்க வேண்டும் என்பது குருசாமியின் திட்டம். வளைகுடாவில் வேலை பார்க்கும் என் மச்சான் செந்தில் அப்போது லீவில் வந்திருந்தான். வேலை நிலைத்தால் நடந்து வருகிறேன் என்று நேர்ந்துகொண்டவன். நாங்கள் சிதம்பரம் போய்ச் சேரும் அன்றைக்கே இரவு அவனுக்குச் சென்னையில் விமானம். அதைத் தவறவிட்டால் விசா காலாவதி ஆகிவிடும், வேலையும் போய்விடும்.

"எல்லாம் நான் பாத்துக்குறேன், விடு" என்றார் மாமா.

"எப்படி மாமா? பஸ்ஸா, டிரெயினா?"

"கேக்காத. புள்ள நேத்திக்கடனுக்கு நடக்குறான். இந்த தடவ குருசாமி சொன்ன மாதிரியே சுத்தமா இருப்போம். திரும்புற பேச்சே கெடையாது."

வாழ்நாளில் முதல் தடவையாக மாமா கட்டுப்பாட்டை மதித்தார். நாசம் அங்கேதான் ஆரம்பித்தது.

அவர் நடக்கிற எங்கள் யாரிடமும் சொல்லாமல் ஒரு வேன் பேசியிருந்தார். செந்திலின் பெட்டியை எங்கள் வீட்டில் ஏற்றிக்கொண்டு நேரே சிதம்பரம் கீழ வீதிக்கு வந்து நிற்க வேண்டும் என்று ஏற்பாடு. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நாள், நட்சத்திரம், திதி எல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பவன் என்று தெருவே என்னைக் கேலி செய்யும். ஆருத்ரா தரிசனத்துக்கு முந்தின நாள் தேர். நடராஜரே சபையை விட்டு வெளியே வந்து தேரேறி நாலு வீதியும் சுற்றுகிற நாள். அன்றைக்குக் கீழ வீதியில் வேன் என்ன, சைக்கிள் கூட நுழையாது.

நாங்கள் ஊருக்குள் வந்தபோது கீழ வீதி மனிதத் தலைகளால் நிரம்பியிருந்தது. மாமா திகைத்து நின்றார்.

"என்னாடா இவ்ளோ கூட்டம்? திருவிழா நாளைக்கித்தான?"

"நாளைக்கு தரிசனம். இன்னைக்குத் தேர், மாமா."

"தேரா? தேரு வேறயா?"

அத்தனை வருஷம் சிதம்பரத்துக்கு வந்த மனிதர் கேட்ட கேள்வி இது. அவருக்குத் தெரிந்த சிதம்பரம் பஸ் ஸ்டாண்டோடு முடிந்துவிடும்.

வேன் டிரைவர் போனில் அழாத குறை. "அண்ணே, போலீஸு உள்ள வுடல. ஊருக்கு வெளியவே தொரத்துறாங்க. எங்க நிக்கிறேன்னே தெரில. வண்டிக்குள்ள வேற கருவாட்டு நாத்தம் தாங்கல!"

மாமா என் பக்கம் திரும்பினார். "பெட்டியில கருவாடா வெச்சி அனுப்பின? கோயிலுக்கு வர்ற வண்டியில?"

"கோயிலுக்கு வேன் வருதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் கேக்காதன்னீங்களே!"

அந்த வீதியில் ஆயிரம் பேர் சிவசிவா என்று கைகூப்பிக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் கருவாட்டுக்காகக் கத்திக்கொண்டிருந்தோம். செந்தில் மூஞ்சி வெளுத்து நின்றான். பாஸ்போர்ட் மட்டும் இடுப்புப் பையில் இருந்தது. உடம்பில் காவி வேட்டி, காலில் கொப்புளம்.

"போச்சி மச்சான். வேல போச்சி" என்றான்.

அப்போது சங்கு ஊதியது. கூட்டம் ஒரே குரலாக எழும்பியது. நிலையிலிருந்து தேர் அசைந்து, எங்களை நோக்கி, வீதியை அடைத்துக்கொண்டு வர ஆரம்பித்தது. எனக்கு அத்தனை வருஷக் கோபமும் தலைக்கேறியது. மாமாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"சாமி எங்கயும் போகாதுன்னு சொன்னீங்களே! பாருங்க மாமா, வருது! நேரா உங்களப் பாத்துதான் வருது!"

மாமா தேரை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. "டேய் செந்திலு, கும்பிட்டியா?" என்றார். செந்தில் எட்டிப் பார்த்துத் தலைக்கு மேல் கைகூப்பினான். கண்ணில் நீர். "கும்பிட்டேன் மாமா."

"ஆச்சில்ல? வா."

தோளிலிருந்த துண்டை உருவி, ஒரு முனையைச் செந்தில் மணிக்கட்டில் கட்டி, மறு முனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு, மாமா தேருக்கு முதுகைக் காட்டிக் கூட்டத்துக்குள் பாய்ந்தார். ஊரே தேரை நோக்கி வர, இவர் ஒருவர் மட்டும் எதிர்த் திசையில். "யோவ் வழிவுடு! ஏர்போர்ட்டு, ஏர்போர்ட்டு!" நானும் பின்னால் ஓடினேன். எத்தனை பேர் காலை மிதித்தோம், எத்தனை பேர் எங்கள் குடும்பத்தை விசாரித்தார்கள் என்பதெல்லாம் இங்கே எழுதத் தக்கதல்ல.

புறவழிச்சாலைக்கு வந்தபோது மயிலாடுதுறைப் பக்கமிருந்து ஒரு சென்னை பஸ், நெரிசலில் ஊர்ந்து வந்தது. படியெல்லாம் ஆள். உள்ளே யாரோ ஒருவர் இறங்குவதற்காக எழுந்தார். மாமா துண்டை அவிழ்த்தார், ஒரு சுற்று சுற்றினார், வீசினார். நான் பார்த்ததிலேயே மிக நீளமான வீச்சு அது. எழுந்தவரின் இடுப்பை உரசி, காலியான சீட்டில் 'டொப்' என்று இறங்கியது.

"துண்டு கெடக்குது பாரு, அதான் உன் சீட்டு! எவன் கேட்டாலும் எந்திரிக்காத!" செந்திலைப் படியில் திணித்துத் தள்ளினார். பஸ் நகர்ந்தது.

செந்தில் காவி வேட்டியும் தோளில் துண்டுமாகப் போய் விமானம் ஏறிவிட்டான். ஏர்போர்ட்டில் ஒரு பெண்மணி காலில் விழுந்து ஆசி கேட்டாராம். வேலை இன்றைக்கும் இருக்கிறது. கருவாடுதான் வேனோடு திரும்பி வந்து, என் வீட்டில் ஒரு மாதம் மணத்தது.

நான் சொல்ல வந்தது அதுவல்ல. பஸ் போனதும் நாங்கள் கீழ வீதிக்குத் திரும்பினோம். தேர் அதற்குள் தெற்கே திரும்பிவிட்டிருந்தது. காலி வீதி. நசுங்கிய பூ, ஒற்றைச் செருப்புகள். மாமா வெறும் தோளைத் தடவிக்கொண்டார்.

"போயிடுச்சா?" என்றார்.

பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் கேட்கிற அதே குரல். எனக்கு அவ்வளவு நேரம் இருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "தெற்கு வீதியில புடிச்சிடலாம் மாமா, வாங்க" என்றேன். "வேணாம்டா. நம்மாளுங்கள்லாம் ஊரு போய்ச் சேரணும். எங்கிட்ட வேற துண்டு இல்ல" என்று சொல்லி பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தார்.

போன தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, சிதம்பரம் எல்லையிலேயே அவர் கையிலிருந்த துண்டுகளை நான் பிடுங்கிக்கொண்டேன். பெரிய சண்டை. "ஒனக்கு வீசத் தெரியாதுடா, வெயில் பக்கமாப் போட்டுருவ" என்று ரோட்டில் நின்று கத்தினார். என் மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். என் முதல் வீச்சு ஒரு போலீஸ்காரர் மடியில் விழுந்தது. இரண்டாவதில் இடம் கிடைத்தது. இரண்டு பெண்மணிகள் சண்டைக்கு வந்தார்கள். டிரைவர் ஏறினார். மாமா வரவில்லை. துண்டுகளைச் சுருட்டிக்கொண்டு இறங்கி, அடுத்த பஸ்ஸில் போட்டேன். அதுவும் புறப்பட்டது. திரும்பவும் இறங்கினேன்.

சட்டைப் பையில் போன் இருந்தது. மாமாவைக் கூப்பிட நான் அதை எடுக்கவில்லை.