செவலை மீது ஒரு புகார்

ஆலங்கரை மிராசுதார் சாரங்கபாணி அவர்களின் இல்லத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டாம் வருஷம் ஆவணி மாதம் ஒரு புதன்கிழமை காலை ஏழு மணிக்கு, பரிசுத்தமான வம்சம் ஒன்று களங்கப்பட்டுவிட்டது என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. வம்சம் என்றால் அவருடையது அல்ல. அவருடைய நாயினுடையது.

கறுப்பு லாப்ரடார் டச்சஸ் ஏழு குட்டி போட்டிருந்தது. ஆறு கறுப்பு. ஒன்று மஞ்சள்.

அப்பன் ட்யூக்கும் கறுப்புதான். இரண்டையும் ஊட்டியில் வாங்கியபோது, நாலு தலைமுறைப் பெயர்கள் எழுதிய சான்றிதழும் கூடவே வந்தது. மிராசுதாருக்குத் தன் வம்சத்தில் தாத்தாவுக்கு மேல் பெயர் தெரியாது. ட்யூக்கின் கொள்ளுப்பாட்டி பெயர் தெரியும்.

"சாமா! பின்கட்டுச் சாவி யார்கிட்டய்யா இருந்தது?"

காரியஸ்தர் சாமாவின் இடுப்பில்தான் இருந்தது, இருபத்திரண்டு வருஷமாக. மத்தியானத்தில் ட்யூக் குரைத்துத் தூக்கத்தைக் கெடுத்தால், பின்கதவைத் திறந்து அதை வெளியே விரட்டிவிட்டுப் படுத்துக்கொள்வார். அதெல்லாம் எஜமானிடம் சொல்லக்கூடிய விஷயமா?

"என்கிட்டதான், எஜமான். பூட்டினது பூட்டினபடி இருந்தது. ஆனா வாய்க்காலுக்கு அந்தண்டை வைரக்கண்ணு ஒரு செவலை நாய் வச்சிருக்கான். அது எந்தச் சுவரையும் தாண்டும்."

"ஓகோ! வைரக்கண்ணு நாயா? நாளைக்குத் தாசில்தார் வரட்டும்."

சாமாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பண்ணையாட்கள் குடியிருக்கும் மனையை அவர்களுக்கே பட்டா போட்டுக் கொடுக்கும் புதுச் சட்டம். வைரக்கண்ணு குடிசைக்கு மறுநாள் விசாரணை. போனால் போகிறது என்றுதான் மிராசுதாரும் விட்டிருந்தார்.

"அது குடிசையே இல்லை, என் மாட்டுக்கொட்டகை, அங்க எவனும் குடியில்லைன்னு சொல்லிடறேன். வெள்ளிக்கிழமை ஆள் விட்டுப் பிரிச்சுப் போடு."

சாமா பொய் சொன்னது ஒரு கதவை மறைக்க. போகப்போவது ஒரு வீடு.

மஞ்சளே இல்லையென்றால் வழக்கே இல்லை என்று முதலில் தோன்றியது. விளக்குக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துக் குட்டிக்குப் பூசினார். டச்சஸ் பாசமுள்ள தாய்; உட்கார்ந்து நக்கியது. அரைமணி நேரத்தில் குட்டிக்கு முதுகெல்லாம் கறுப்பு வரி.

மிராசுதார் பார்த்தார். "காலையில மஞ்சளா இருந்தது. இப்ப வரி வேறயா? எத்தனை நாய்தான்யா வந்துட்டுப் போச்சு?"

அடுத்து, குற்றவாளியை ஊரைவிட்டு அனுப்பிவிடலாம் என்று சாமா வாய்க்காலுக்குப் போனார். மூங்கில் பாலத்தின் பாதியில் நின்றார். அவருக்கு அந்தப் பாலம் பாதிதான். மீதிப் பாதியில் இருபத்திரண்டு வருஷத்தில் கால் வைத்ததில்லை. எல்லாம் அங்கிருந்தே கூப்பிட்டுச் சொல்வதுதான் வழக்கம்.

"ராமாயி! உன் புருஷன் எங்கே?"

"நாத்தங்காலுக்குப் போயிருக்காருங்க."

"உங்க செவலையை ரெண்டு நாளைக்கு எங்கயாவது அனுப்பிடு."

"அது இப்ப நகராதுங்களே. அது வந்து..."

"எதிர்த்துப் பேசாதே. உன் வீட்டுக்குத்தான் ஆபத்து. எங்க டச்சஸை அது கெடுத்துடுத்துன்னு எஜமான் மனையைத் தரமாட்டேங்கறார்."

"யாரு, செவலையா?" என்றாள் ராமாயி. சாமாவை ஒரு மாதிரி பார்த்தாள்.

கடைசி முயற்சியாக மறுநாள் காலை ஒரத்தநாட்டிலிருந்து கால்நடை டாக்டர் ஜெக்கரியாவை பஸ்ஸில் அழைத்து வந்தார். கேட்க ஆள் கிடைத்தால் பாடம் நடத்தாமல் விடாதவர் அவர்.

"ரெண்டு கறுப்பு சேர்ந்து மஞ்சள் பொறக்கலாம் சார். நிறத்துக்கு ஒவ்வொரு நாய்க்கும் ரெண்டு பங்கு. அப்பன்கிட்டேருந்து ஒண்ணு, ஆத்தாகிட்டேருந்து ஒண்ணு. ஒரு பங்கு கறுப்பா இருந்தாலே உடம்பு கறுப்பு. மஞ்சள் உள்ளே பதுங்கியிருக்கும். பினாமி மாதிரின்னு வச்சுக்குங்களேன். வெளியில ஒரு பேரு, உள்ள ஒரு ஆளு."

மிராசுதார் இருமினார். அவருடைய நூற்றிருபது ஏக்கர் பதினோரு பேர் பெயரில் இருந்தது. அதில் மூன்று பேர் காலமாகியிருந்தார்கள்.

"வேற உதாரணம் சொல்லுங்க."

"இதுதான் சார் பொருத்தம். உங்க ட்யூக்கிட்ட ஒரு பினாமி மஞ்சள், டச்சஸ்கிட்ட ஒண்ணு. ரெண்டும் ஒரே குட்டிக்குப் போய்ச் சேர்ந்தா, ஒளிஞ்சிருந்தது வெளிய வந்துடும்."

"அப்போ தெருநாய் காரணமில்லையே?" என்றார் சாமா, உயிர் வந்தவராக.

"சேச்சே! தெருநாய்ச் செவலை வேற கணக்கு. அதுவும் கறுப்பு லாப்ரடாரும் சேர்ந்தா, குட்டி கறுப்பாத்தான் பொறக்கும். இந்த மஞ்சள்தான் சார் சந்தேகமில்லாத அசல்."

விஷயம் அங்கே முடிந்திருக்க வேண்டும். மிராசுதாருக்கு யோசிக்கிற பழக்கம் கிடையாது. அன்றைக்கென்று யோசித்துவிட்டார்.

"அப்ப, அந்த ஆறு கறுப்பு?"

டாக்டர் தலையைச் சொறிந்தார். "ஒரே ஈத்துல ரெண்டு அப்பன் இருக்கறதும் உண்டுதான்..."

மிராசுதார் எழுந்து நின்றுவிட்டார். ஒரு குட்டி போய் ஆறு குட்டி! "சாமா, பேனாவை எடு! வாயால சொன்னாப் போதாது. எழுத்து மூலமா புகார்!"

வாசலில் தாசில்தார் ஜீப் வந்து நின்றது. வைரக்கண்ணுவும் ராமாயியும் முற்றத்தின் ஓரமாக வந்து நின்றார்கள். மிராசுதார் யாரையும் பார்க்கவில்லை. முழங்கினார்:

"என் வீட்டுக்கு எதிரே வாய்க்கால் தென்கரையில் இருபது வருஷமாகக் குடிசை போட்டுக் குடும்பத்துடன் குடியிருந்து வரும் என் பண்ணையாள் வைரக்கண்ணு என்பவன், மேற்படி குடிசையில் வளர்த்து வரும் செவலை நாயானது..."

சாமாவின் பேனா நின்றது. "எஜமான், இதை இப்படி எழுதினா..."

"சொன்னதை எழுதுய்யா!"

சாமா எழுதினார். அவ்வளவு அழகான கையெழுத்து அதற்கு முன் அவருக்கு வந்ததேயில்லை.

வைரக்கண்ணு பதறிப்போய், "ஐயா, எங்க செவலை..." என்று ஆரம்பித்தான். ராமாயி அவன் முழங்கையை அழுத்தினாள்.

"சும்மா இரு. ஐயா எழுதட்டும்."

மிராசுதார் கையெழுத்துப் போட்டார். டாக்டர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். தாசில்தார் வாங்கி இரண்டு தரம் படித்தார்.

"ரொம்ப நல்லதாப் போச்சு. பண்ணையாள்னு எழுதியிருக்கீங்க, இருபது வருஷக் குடியிருப்புன்னும் எழுதியிருக்கீங்க. வேற விசாரணையே வேண்டாம். மனை அவங்களுக்குத்தான்." உத்தரவில் முத்திரை விழுந்தது.

மிராசுதாருக்கு விஷயம் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. முகம் சிவந்தது.

"மனை ஒழியட்டும்! அந்த நாய்க்கு என்ன தண்டனை? அதைச் சொல்லுங்க!"

ராமாயி உத்தரவை வாங்கி நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டாள்.

"இனிமே இதை மாத்த முடியாதுங்களே?" என்று தாசில்தாரிடம் கேட்டாள்.

"முடியாதும்மா."

"செவலை பொட்டைங்க," என்றாள் ராமாயி. "போன வாரந்தான் ஆறு குட்டி போட்டுச்சு. அத்தனையும் கறுப்பு."