முதலாளி கொடுத்த சலாமி

அவளுடைய முதலாளியும் அவர் மனைவியும் விருந்துக்கு வர இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது. அவள் சலாமியைக் கழுவி முடித்திருந்தாள்.

"என்ன பண்ணி வெச்சிருக்க?" என்றான் கணவன்.

"மேல பூரா வெள்ளையாப் படிஞ்சிருந்துச்சு. பாத்திர சோப்பு போட்டுத் தேய்ச்சேன். இப்பப் பாருங்க, எப்படிப் பளபளன்னு இருக்கு!"

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துவது அவள் வேலை. எங்கே மங்கல் தெரிந்தாலும் கை தானாகத் துடைக்கப் போய்விடும். கடையில் அவளை 'லென்ஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

அசல் இத்தாலிச் சலாமி அது. பன்றி இறைச்சியில் உப்பும் மிளகும் கலந்து, குடலில் அடைத்து, மாதக்கணக்கில் தொங்கவிட்டு உலர்த்துவார்களாம். சமைக்காமல் அப்படியே சாப்பிட வேண்டுமாம். முதலாளி புதன்கிழமை அதை அவள் கையில் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை தானும் வந்து சாப்பிடுவதாகச் சொல்லியிருந்தார். விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை.

"இந்தக் காசுக்கு ஒரு பன்னியவே வாங்கி வளர்க்கலாமே" என்றிருந்தான் கணவன்.

புதிதாகத் திறக்கப்போகும் கிளைக்கு யார் பொறுப்பு என்பதை முதலாளி இன்னும் சொல்லவில்லை. ஒன்று அவள், இல்லையென்றால் கண் பரிசோதகர். அவர் வாய் திறந்தால் மூடமாட்டார். அவளுக்கோ முதலாளி முன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சலாமியாவது தனக்காகப் பேசும் என்று நம்பியிருந்தாள்.

"எதுக்கும் வாங்கின கடையில ஒரு வார்த்தை கேளு. சீட்டுல நம்பர் இருக்கு."

கேட்டாள்.

"கழுவிட்டீங்களா?" கடைக்காரர் குரல் துக்கம் விசாரிப்பது போல் இறங்கியது. "அந்த வெள்ளைதாம்மா அதுக்கு அழகே! அது நல்ல பூஞ்சை. தெரிஞ்சவங்க முதல்ல அதைத்தான் பார்ப்பாங்க."

"திரும்ப வளர எவ்வளவு நாளாகும்?"

"எப்படியும் சில வாரம்."

"சாயங்காலத்துக்குள்ள ஏதாவது..."

போன் வைக்கப்பட்டது.

"சோளமாவு பூசிடலாம்" என்றான் கணவன்.

ஈரத்தில் மாவு களியானது. காய வைக்க ஹேர் டிரையரைப் பிடித்தாள். சலாமிக்கு வியர்த்தது, கொழுப்பு சொட்டியது, எலுமிச்சை சோப்பு வாசனை வீடு முழுக்கக் கிளம்பியது. பதறிப்போய் ஃப்ரீசரில் போட்டாள். எடுத்தபோது கத்தி இறங்கவில்லை.

"இத வெச்சு ஆணி அடிக்கலாம்."

"சும்மா இருங்க, எனக்கு அழுகையா வருது."

மறுபடி துடைத்து, உலர்த்தி, தன் பவுடர் பஞ்சால் மாவை மெல்ல ஒற்றினாள்.

"நம்ம கல்யாணத்துக்குக்கூட நீ இவ்வளவு பவுடர் போட்டுக்கல."

"ஒரு துண்டு தின்னுட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்களேன்."

"சோப்பு போட்டுக் கழுவினதையா? ஆளை விடு தாயே!"

அழைப்பு மணி அடித்தது.

மெல்லிய வில்லைகளைத் தட்டில் அடுக்கிக் கொண்டுவந்து வைத்தாள். முதலாளி தட்டைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"நீங்க சாப்பிட்டாச்சுல்ல?"

அவள் நாக்கு வழக்கம்போல் ஒட்டிக்கொண்டது. கணவன் முழங்கையால் இடித்தான்.

"பு... புதன்கிழமையே சாப்பிட்டோம் சார். ரெண்டு பேரும்."

"தினமும் சாப்பிடறோம் சார்" என்றான் கணவன், கூடுதல் பாதுகாப்புக்கு.

"தினமுமா!" முதலாளியின் முகம் மலர்ந்தது. ஒரு வில்லையை வாயில் போட்டார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். அவள் அவருடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லேசா எலுமிச்சை வாசனை வருதே?"

அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"அதான் இத்தாலிக்காரன் கைப்பக்குவம்!" என்று இன்னும் மூன்று வில்லைகளை அள்ளினார். "லென்ஸ், புதுக் கடையை நீங்கதான் பார்த்துக்கணும்."

கணவன் நிம்மதியாகச் சோபாவில் சாய்ந்தான். அவள் நன்றி சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் முதலாளியின் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்ல மனசும்மா உங்களுக்கு. ஆசைப்பட்டு வாங்கிட்டு வந்தாரு, பிரிச்சுப் பார்த்தா மேல பூஞ்சை. தூக்கிப்போடவும் மனசு வரல, திங்கவும் பயம். அதான் உங்ககிட்ட கொடுத்துட்டு, நீங்க தினமும் உயிரோட வேலைக்கு வர்றீங்களான்னு பார்த்துட்டு இருந்தாரு!"