டேப்காரர் அளந்த மரங்கள்

தர்மபுரி மாவட்டத்துப் பயத்தையெல்லாம் ஒரே ஆள் மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்திருந்தார். அவர்தான் எங்கள் டேப்காரர். அவருக்குச் சொந்தமாக ஒரு பெயரும் இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இல்லை.

ஏரியூரில் ஒரு தனியார் கார்பன் கம்பெனியின் கிளையில் நாங்கள் வேலை பார்த்தோம். விவசாயிகள் தங்கள் நிலத்தில் மரம் வளர்ப்பார்கள். அது காற்றிலிருந்து எவ்வளவு கரியை இழுத்தது என்று நாங்கள் கணக்கிடுவோம். தன் புகையைக் குறைக்க முடியாத ஏதோ ஒரு வெளிநாடு அதை விலைக்கு வாங்கித் தன் கணக்கில் கழித்துக்கொள்ளும். மரத்தைக் கட்டிப்பிடித்து டேப்பால் சுற்றளவு எடுப்பது அவர் வேலை. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை.

மரங்களை மேலிருந்து சேட்டிலைட் பார்க்கிறது என்று பயிற்சியில் யாரோ சொல்லித் தொலைத்தார்கள். அன்றிலிருந்து அவர் மரத்தடியில் ஒதுங்குவதை நிறுத்தினார். பல் துலக்கக் குச்சி ஒடித்தவர்களை விரட்டினார். மலைவேம்பு இலையை ஆடு கடித்தபோது வானத்தைப் பார்த்துக் கும்பிட்டு, “ஆடுதானுங்க கடிச்சுது, ஆளுங்க இல்லீங்க” என்று அவர் விளக்கம் சொன்னதை நானே பார்த்தேன். முகூர்த்தக்காலுக்குக் கிளை வெட்ட வந்த கல்யாண வீட்டாரை மறித்து, பென்னாகரத்தில் மூங்கில் வாங்கி நட வைத்தார். பெண்ணின் அப்பா மூன்று மாதம் அவரோடு பேசவில்லை.

இதெல்லாம் வேடிக்கை. எங்கள் கணக்கைச் சரிபார்க்கும் அதிகாரி வருவதற்கு முந்தின நாள் மதியம்தான் நிஜமான பயம் வந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் என் மேஜையருகே வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

“தம்பி, மரத்த எந்த ஒசரத்துல அளக்கணும்?”

“நெஞ்சு ஒசரத்துலண்ணே.”

“யாரு நெஞ்சு தம்பி?”

விதிப்படி நெஞ்சு உயரம் என்றால் தரையிலிருந்து நாலேகால் அடி. பயிற்சி கொடுத்தவர் நெஞ்சு உயரம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். டேப்காரரோ ஐந்தடிக்கும் குறைவு. இரண்டு வருடமாகத் தன் நெஞ்சுக்கு நேராக, மரத்தின் தடித்த பாகத்தில் அளந்திருக்கிறார். அன்று காலை நெட்டையான புது ஆள் ஒருவர் அளந்தபோது, அதே மரத்தின் சுற்றளவு குறைந்திருக்கிறது. மரம் இளைக்குமா என்று யோசித்ததில் விஷயம் பிடிபட்டிருக்கிறது.

வாயைத் திறக்காதீர்கள் என்று கெஞ்சினேன். தெரிந்தால் ஊரையே திட்டத்திலிருந்து தூக்கிவிடுவார்கள், நட்டுவிட்டுக் காத்திருக்கும் குடும்பங்கள் நம் தோலை உரிக்கும் என்றேன். சரி என்று தலையாட்டினார்.

மறுநாள் அதிகாரி பார்த்த தோட்டங்கள் எல்லாமே வேறு ஆட்கள் அளந்தவை. எல்லாம் சரி என்று கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். டேப்காரர் ஒரு காலை முன்னால் எடுத்து வைத்தார். பேசிவிடுவாரோ என்ற பயத்தில் அதை நான் மிதித்துப் பிடித்தேன்.

“சார், நான் தப்பா அளந்துட்டனுங்க. இத நம்பி அந்த நாட்டுல புகைய விட்டுருவாங்க. விட்ட புகைய யாருங்க திரும்பப் புடிக்கறது?”

அதிகாரி பேனாவை மூடினார். ஊரைத் தூக்கவில்லை. டேப்காரர் அளந்ததையெல்லாம் மறுபடி அளக்கச் சொன்னார். வரவேண்டிய பணம் ஒரு வருடம் தள்ளிப்போனது. டேப்காரருக்குக் குடிக்கத் தண்ணீர்கூட ஊரில் யாரும் கொடுக்கவில்லை. நாலேகால் அடிக் கம்பும் தண்ணீர் பாட்டிலுமாகத் தனியாகவே போய் ஒவ்வொரு மரத்தையும் அளந்து முடித்தார்.

இப்போது அவரை மாரண்டஹள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். அன்று அவர் காலை மிதித்ததற்கு நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. நாளை இங்கே மறுபடி அதிகாரி வருகிறார். பக்கத்து நாற்காலியில் டேப்காரர் உட்கார்ந்து பயந்துகொண்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருக்கும்.