பொட்டு வைத்த ஃபிளாப்பிகள்

பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூசுவேன். அப்படிப்பட்டவன் கட்டுரை எழுத உட்கார்ந்திருப்பதை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். செய்த தப்பை ஒருமுறையாவது முழுதாகச் சொல்லிவிடலாம் என்றுதான்.

எண்பதுகளின் கடைசியில் கோரிப்பாளையத்தில், ஒரு மாடியில் இருந்த திருமணத் தகவல் நிலையத்தில் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். நடத்தியவர் ராஜாமணி அக்கா. எண்ணூறு குடும்பங்களின் விவரங்கள் படிவங்களாகக் கட்டுக்கட்டாகக் கிடந்தன. அக்கா துணிந்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். ஒரு வருஷம் உட்கார்ந்து அத்தனையையும் அதில் ஏற்றினேன். முடித்த அன்று எனக்கு விஞ்ஞானி ஆகிவிட்ட நினைப்பு. "இனி இந்தக் குப்பை எதுக்குக்கா? இடத்த அடைக்குது" என்று சொல்லி, படிவங்களை எல்லாம் கீழே கடலை வறுக்கும் பாயிடம் கொடுத்துவிட்டேன்.

முன்னெச்சரிக்கை இல்லாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். வாரம் தவறாமல் எல்லாவற்றையும் நாலு ஃபிளாப்பிகளில் நகல் எடுத்து, பிஸ்கட் டப்பாவில் வைத்துப் பூட்டுவேன்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம் ஆனையூரிலிருந்து சங்கரலிங்கம் அண்ணன் வந்தார். மகளுக்காக ஆறு வருஷமாக எங்கள் படி ஏறுகிறவர். அன்று கம்ப்யூட்டரில் தேடியபோது ஒரு வரன் கச்சிதமாகப் பொருந்தியது.

"முப்பத்திரண்டு ஆயிருச்சு தாயி. இதையாச்சும் விட்றக் கூடாது" என்றார் அக்காவிடம்.

அக்கா என்னைப் பார்த்து, "விலாசத்த ஒரு துண்டுச்சீட்டுல எழுதிக் குடுப்பா" என்றார்.

பிரிண்டரில் ரிப்பன் தீர்ந்திருந்தது. இருந்தாலும் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற ஆபீஸில் கையால் எழுதிக் கொடுப்பதா? "பூசை முடிஞ்சு வாங்கண்ணே. அச்சடிச்சே தாரேன்" என்றேன். (அம்புட்டு கெத்து.) அவரும் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் பூஜை. கம்ப்யூட்டர், ஸ்டேப்ளர், பஞ்சிங் மெஷின் எல்லாம் வரிசையாக உட்கார்ந்தன. "அந்த டப்பாவையும் வைப்பா, அதுலதான உசுரே இருக்கு" என்றார் அக்கா. ஃபிளாப்பியின் கறுப்பு உறையில் நீளமாக ஓர் இடைவெளி இருக்கும். உள்ளே இருக்கும் பழுப்புத் தகடு அதில் தெரியும். பொட்டை உறைமேல் வைத்தால் உள்ளே இருப்பதற்கு எப்படிப் போய்ச் சேரும் என்று யோசித்து, அந்த இடைவெளியிலேயே சந்தனத்தைக் குழைத்துத் தடவி, மேலே குங்குமம் வைத்தேன். நாலிலும் வைத்தேன். இரண்டு பக்கமும் வைத்தேன்.

விஜயதசமி கழித்து ஆபீஸைத் திறந்து சுவிட்சைப் போட்டேன். கம்ப்யூட்டர் கடகடவென்று அரைத்தது, பிறகு அடங்கிவிட்டது. பழுது பார்ப்பவர் வந்து காதை வைத்துக் கேட்டார்.

"ஹார்டு டிஸ்க் போச்சு. நகல் எடுத்து வச்சிருக்கீகளா?"

நெஞ்சை நிமிர்த்தி டப்பாவை நீட்டினேன். ஒன்றை எடுத்தவர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னய்யா இது?"

"பொட்டுண்ணே."

"அது தெரியுது. அத ஏன்யா இதுக்குள்ள வச்சீக?"

நாலிலும் சந்தனம் காய்ந்து, தகட்டோடு ஒட்டிப் பாளம் பாளமாக வெடித்திருந்தது. வாசனை மட்டும் போகவில்லை.

அப்போது சங்கரலிங்கம் அண்ணன் படியேறி வந்தார், புதுச்சட்டையோடு.

அக்காவுக்கு ஊர் மட்டும்தான் நினைவிருந்தது: டி. கல்லுப்பட்டி. பையன் பேர்கூட வரவில்லை. அந்த ஊர்க்காரர்கள் நாற்பது பேராவது எங்களிடம் பதிந்திருந்தார்கள். நான் கடலை பாயிடம் ஓடினேன். அண்ணனும் பின்னாலேயே வந்தார்.

"காயிதத்துக்குக் கடலை கேக்குறியா, கடலைக்குக் காயிதம் கேக்குறியா? தெளிவாச் சொல்லு தம்பி" என்றார் பாய். விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, மிச்சமிருந்த கட்டை அப்படியே எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு படிவமும் பொட்டலத்துக்காக நாலாகக் கிழிக்கப்பட்டிருந்தது. நடைபாதையில் குந்தி ராசி, நட்சத்திரம், கோத்திரம் என்று துண்டு துண்டாகப் பொருத்தினோம். வழியில் போன ஒருவர் எங்களைச் சீட்டு ஜோசியக்காரர்கள் என்று நினைத்து ஒரு ரூபாயை நீட்டினார். அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சாயங்காலம் அவர் கையில்தான் அந்தத் துண்டு அகப்பட்டது. பையன் பேர் இருந்தது; பார்த்ததும் கம்ப்யூட்டரில் வந்தது அதுதான் என்று எனக்கு ஞாபகம் வந்தது. அப்பா பேர் இருந்தது. தெருவும் கதவு எண்ணும் இருந்த துண்டு யாரோ தின்ற கடலையோடு போயிருந்தது.

"பேர் இருக்குல்ல, போதும். காலைல போவோம்" என்றார்.

இந்தக் கதை என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எதையாவது பத்திரமாக எடுத்து வைக்கச் சொன்னால், "பொட்டு வைக்கணுமா, வேண்டாமா?" என்பாள் என் மனைவி. பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவர்களிடம் இதுவரைக்கும்தான் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் காலை அண்ணனும் நானும் டி. கல்லுப்பட்டிக்குப் போனோம். தபால்காரரிடம் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தோம். வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. பையனுக்கு முந்தின நாள்தான் பரிசம் போட்டிருந்தார்கள். அண்ணன் அவர்கள் கொடுத்த காபியைக் குடித்தார். திரும்பும்போது பஸ்ஸில் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தார்.