நான் கண்டுபிடித்த செத்த ராக்கெட்

என் கண்ணை நான் ஒருநாளும் சந்தேகித்ததில்லை. நான் விஞ்ஞானி ஆகாமல் போனதற்கு அதுதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

அறுபதுகளின் தொடக்கம். பிரேசர் டவுனில் பொழுது சாய்ந்தால் பாதிப் பேர் மொட்டை மாடியில் நிற்பார்கள். மேலே போகும் செயற்கைக்கோள் ரஷ்யாக்காரன் விட்டதா, அமெரிக்காக்காரன் விட்டதா என்று வாக்குவாதம் நடக்கும். எங்கள் தெருவில் தீர்ப்புச் சொல்கிறவன் நான். (நியமித்தது யார் என்று கேட்காதீர்கள். நானேதான்.) வயது இருபத்தாறு, தொழிற்சாலை ஒன்றில் குமாஸ்தா. கையில் ரேஸுக்குப் போகும் பக்கத்து வீட்டுக்காரரிடம் இரவல் வாங்கிய பைனாகுலர். அதில் ஒரு பக்கம் மட்டும்தான் தெரியும்.

அந்த டிசம்பரில் தென்மேற்கே, சில்வர் ஓக் மரங்களுக்கு மேல், ஏழு ஐந்துக்கு ஒரு வெளிச்சம் மெதுவாக எழும்பியது. விட்டுவிட்டு மினுக்கியது. சில நாள் சட்டென்று அணைந்தும் போனது. பத்திரிகையில் வரும் நேரப் பட்டியலில் அது இல்லை. எனக்குப் புல்லரித்துவிட்டது. மினுக்குகிறதா? எரிபொருள் தீர்ந்து செத்த ராக்கெட், உருண்டுகொண்டே போகிறது. அணைகிறதா? பூமியின் நிழலுக்குள் புகுந்துவிட்டது. தினமும் எப்படி அதே நேரத்தில் வரும் என்று ஒரு கேள்வி எழத்தான் செய்தது. ரஷ்யாக்காரர்கள் ஒழுங்கானவர்கள் என்று நோட்டில் எழுதி அதை முடித்துவைத்தேன்.

அதே சமயம் எனக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு தெரு தள்ளி இருந்த ரிட்டையர்டு ரயில்வே கார்டு ஆசீர்வாதத்தின் மகள் கிரேஸ். சர்ச் கொயரில் அவள் பாடுவதை இரண்டு வருடமாகப் பார்த்து ஏங்கியவன் நான். அவர்கள் வாசல் வழியாக நூறு தடவையாவது போயிருப்பேன். கூச்சத்தில் தலையைக் குனிந்தே போனதால் அந்த வீட்டுக்கு மாடி உண்டா என்றுகூடத் தெரியாது.

மாப்பிள்ளையை எடைபோட ஆசீர்வாதம் ஒரு மாலை தனியாக வந்தார். குமாஸ்தா உத்தியோகத்தைச் சொல்லி அவரை மயக்க முடியாது. மாடிக்குக் கிளப்பினேன்.

"டேய், ஸ்வல்ப இருடா, அவருக்கு இன்னும் காபியே குடுக்கல. ராக்கெட் எங்க ஓடிப்போவுது?" என்றாள் அம்மா.

"ஓடித்தாம்மா போவும். ஏழு அஞ்சுக்கு."

சொன்னபடி எழும்பியது. நான் பிரசங்கம் செய்தேன். செத்த ராக்கெட், உருளல், பூமியின் நிழல், ஒன்றையும் விடவில்லை. அவர் பைனாகுலரில் வெகுநேரம் பார்த்தார்.

"இதுக்கு என்ன பேரு, தம்பி?"

"இனிமேதான் வைக்கணும் சார். கண்டுபிடிச்சவன் பேர வைக்கிறதுதான் மொற."

அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார்.

"அது எங்க வீட்டு கிறிஸ்மஸ் ஸ்டார் தம்பி. மாடிக் கம்பத்துல கயித்தப் போட்டு கிரேஸ்தான் டெய்லி ஏத்துது. உள்ள பல்பு ஹோல்டர் லூஸு, அதான் மினுக்குது."

"ஆனா அணைஞ்சு போவுதே சார்?" (அப்போதும் விடவில்லை பாருங்கள்.)

"பியூஸ் போனா அணையாம என்ன பண்ணும்?"

அம்மா முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு கீழே ஓடிவிட்டாள். ஆசீர்வாதம் என் நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். பெண் கைவிட்டுப் போய்விட்டாள் என்று அன்று தலையணையில் முகம் புதைத்து அழுதேன். நான்கு நாள் ஒரு தகவலும் இல்லை.

ஐந்தாம் நாள் நோட்டு திரும்பி வந்தது. 'செவ்வாய்: வேகம் குறைவு, காரணம் தெரியவில்லை' என்று நான் எழுதியிருந்ததன் பக்கத்தில் பென்சிலில், 'எனக்குக் கை வலி.' 'வெள்ளி: தோன்றவில்லை, மேகமோ?' என்பதன் பக்கத்தில், 'கொயர் பிராக்டிஸ்.' கடைசிப் பக்கத்தில் ஒரே வரி: 'யாராவது வந்து ஹோல்டரை மாற்றிக் கொடுத்தால் நல்லது.'

ஓடினேன். மாற்றினேன். அவர்கள் வீடு முழுக்கக் கரண்ட் போயிற்று. அப்படியும் மே மாதத்தில் கல்யாணம் நடந்தது. இன்றும் எங்கள் வீட்டில் பல்பு மாற்றுவது கிரேஸ்தான். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு மணி என்ன என்று சொன்னால் போதுமாம். பேரப்பிள்ளைகளின் உத்தரவு.