கழுத்தில் இருக்கும் சுண்ணாம்பு பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் மனைவியும் சுகம் என்றே எடுத்துக்கொண்டு மேலே போகிறேன். போனில் சொன்னால் பாதியில் குறுக்கே பேசுவாய். கடிதத்தில் அது முடியாது.

சென்ற செவ்வாய் காலை என் வலது கையிலிருந்து காப்பி டம்ளர் தானாக நழுவியது. பத்து நிமிடம் விரல்கள் நான் சொன்னதைக் கேட்கவில்லை, பிறகு கேட்டன. உன் அத்தானும் இதே பத்து நிமிடத்தை வாயுப் பிடிப்பு என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனவர்தான், திரும்பி வரவில்லை. ஆகவே நான் குளிக்கப் போகவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போனேன். கழுத்து ரத்தக் குழாய்களை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார்கள். அங்கிருந்த பெண் என்னைப் "பாட்டி" என்றாள். நமக்குள் அப்படி உறவு இருப்பதாகத் தெரியவில்லை என்றேன். அதன் பிறகு, "மேடம், அசையாதீங்க, எச்சில்கூட முழுங்காதீங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். கான்வென்டில் மதர் வரும்வரை சிலையாய் நின்று பழகியவள் நான், எனக்கு இதெல்லாம் ஒரு வேலையா? படம் எடுத்து முடிந்தது, மெஷின் நின்றது, விளக்கும் போட்டாயிற்று. நான் அசையவில்லை. அந்தப் பெண் ஓடி வந்து நாடி பார்க்கிறாள், கண்ணில் தண்ணீர். "நீ இன்னும் அசையலாம்னு சொல்லலையேம்மா" என்றேன். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். குடிக்கத் தண்ணீர் நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

டாக்டர் படத்தைக் காட்டினார். "வலது பக்கம் வெள்ளையா தெரியுதே, அது கால்சியம். சுண்ணாம்பு மாதிரி இறுகிப்போச்சு, அது பாட்டுக்கு இருக்கும். இடது பக்கம் மங்கலா, மெத்துன்னு இருக்கு பாருங்க, அதுதான் பயம். அதுல துணுக்கு பிச்சுக்கிட்டு மூளைக்குப் போனா பக்கவாதம். அன்னைக்கு உங்க வலது கையை நிறுத்தினது இதுதான்."

நாற்பது வருஷமாக என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று சொல்பவள் உன் மனைவி. இந்தப் பத்தியை அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டு. கல்லாய்ப் போனதால் கெடுதல் இல்லையாம், இளகினதுதான் ஆபத்தாம்.

மாத்திரை சாப்பிடுகிறேன். தனியாக இருக்கத் தெரியும். நீ வந்தால் உனக்குக் காப்பி போட வேண்டும், நீ பயப்படுவதையும் உட்கார்ந்து பார்க்க வேண்டும், எனக்கு இரட்டை வேலை. ஆகவே வராதே.

குழந்தைகளுக்கு என் ஆசி. உன் மனைவிக்கு, மேற்படி பத்தியைக் கேட்டு முடித்த பிறகு, என் அன்பு.

இப்படிக்கு,
அக்கா

பி.கு.: அந்த இளகினதை வியாழன் காலை எட்டு மணிக்குக் கழுத்தைத் திறந்து எடுக்கப்போகிறார்கள். கூடப்பிறந்தவர் கையெழுத்து வேண்டுமாம். புதன் மாலையே வந்துவிடு. மயக்க மருந்து கொடுக்கும்வரை என் வலது கையைப் பிடித்துக்கொள். கண் விழித்து, அசையலாம் என்று நான் சொல்லும்வரை, அந்த வாசலை விட்டு அசையாதே.